குடித்து வண்டி ஓட்டிய கேஸ்: கோர்ட்டில் 10,000 கட்டி முடிக்கலாமா, வக்கீல் வைக்கணுமா?

பம்மத்துக்காரன் (கேள்வி):
என் அத்தான் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், பேட்ஜ் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான அனுமதி) உள்ளவர். போன சனிக்கிழமை ராத்திரி ஒரு ரிசப்ஷன் முடிந்து பைக்கில் வரும்போது மார்த்தாண்டம் பக்கம் சோதனையில் மாட்டிக்கொண்டார். ஊதச் சொன்னார்கள், 47 காட்டியது. கைது இல்லை. லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு நோட்டீஸும் மிஷினில் வந்த சீட்டும் கொடுத்தார்கள். அக்கா போய் வண்டியை எடுத்து வந்தாள்.

"கோர்ட்டில் ஆமான்னு சொல்லி 10,000 கட்டினால் அன்னைக்கே முடிஞ்சிடும்" என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். வக்கீல் ஃபீஸ் அதற்கு மேல் ஆகுமே என்பது அத்தான் கணக்கு. அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்? அவர் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. திட்டுகிறவர்கள் ஒரு வரி திட்டிவிட்டுப் பதிலும் சொல்லுங்கள்.

வேலிமலை:
என் சித்தப்பா மகன் அப்படித்தான் கட்டினான், மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. அவன் கடை வைத்திருப்பவன், அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. பேடிக்காண்டாம், கட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.

கோர்ட் வராந்தா:
வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன், குழித்துறை கோர்ட்டுதான் எனக்கு ஆபீஸ் மாதிரி. வேலிமலை அண்ணன் சொன்னது கடைக்காரருக்குச் சரி. பேட்ஜ் டிரைவருக்கு அதன் பிறகு வருகிற இழப்போடு பார்த்தால் அந்த 10,000 சின்னச் செலவு.

ஹெல்மெட் கேஸ் மாதிரி ஸ்பாட்டில் காசு கட்டித் தீர்க்கிற குற்றம் இல்லை இது, அதனால்தான் கோர்ட்டுக்கு வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 2 வருஷம் வரை சிறை, அல்லது 15,000, அல்லது இரண்டும். ஆமாம் என்று இன்று ஒப்புக்கொண்டால் அது தண்டனையாகவே பதிவாகும், நாளைக்கு வருகிற கேஸ் இரண்டாவது கேஸ் ஆகிவிடும். ஒப்புக்கொண்ட பிறகு அப்பீலும் கிட்டத்தட்ட இல்லை. தண்டனையின் அளவைப் பற்றியோ அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றியோ மட்டும்தான் மேலே போய்ப் பேச முடியும்.

அடுத்தது லைசன்ஸ். போலீஸ் வாங்கியது சும்மா வைத்துக்கொள்ள இல்லை, ஆர்டிஓ ஆபீஸுக்கு அனுப்ப. 3 மாதத்துக்குக் குறையாமல் முடக்கச் சொல்லி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. முடக்கும் முன் அத்தானிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்று 19-ஆவது பிரிவு சொல்கிறது. நோட்டீஸ் வந்தால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். லைசன்ஸ் இல்லாமல் வேன் ஓடாத மாதங்களைக் கணக்குப் போட்டுவிட்டு அப்புறம் வக்கீல் ஃபீஸைப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சி:
ஊதமாட்டேன் என்று நின்றிருந்தால் கேஸே இருக்காது. இது தெரியாமல் ஊதித் தொலைக்கிறார்கள்.

கோர்ட் வராந்தா:
தப்பு. தக்க காரணம் இல்லாமல் மறுத்தால், அதையே அரசுத் தரப்புச் சாட்சியத்துக்கு வலுச் சேர்க்கும் விஷயமாகக் கோர்ட் எடுத்துக்கொள்ளலாம். 205-ஆவது பிரிவு. தயவுசெய்து இந்த யோசனையைப் பரப்பாதீர்கள்.

பம்மத்துக்காரன்:
நன்றி அண்ணே. 47 என்று சீட்டிலேயே இருக்கும்போது வக்கீல் என்ன செய்வார்? இன்னொன்று, இருமலுக்கு அரிஷ்டம் குடித்ததாகச் சொல்லலாமா என்று அத்தான் கேட்கிறார்.

கோர்ட் வராந்தா:
அரிஷ்டத்தில் ஆல்கஹால் உண்டு, உண்மைதான். குடித்த கையோடு ஊதினால் வாயில் மிச்சம் இருப்பதே மிஷினில் காட்டும். ஆனால் ரிசப்ஷனில் கூட இருந்தவர்கள் எத்தனை பேர்? இல்லாத கதையை மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தால் இருக்கிற நல்ல பாயிண்டும் போகும்.

வக்கீல் பார்ப்பது பேப்பரை. மிஷின் கடைசியாக எப்போது அளவு சரிபார்க்கப்பட்டது, சான்று இருக்கிறதா, சீட்டில் பெயரும் நேரமும் கையெழுத்தும் சரியா என்பதையெல்லாம். பக்கத்தில் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் பைக் ஓட்டி வந்த ஒருவர் மீதான இதே பிரிவு வழக்கை ரத்து செய்தது. ஊதுவதற்கு முன் வெறும் காற்றைச் சோதித்தபோதே மிஷின் பூஜ்ஜியம் காட்டவில்லை. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது, எடுத்துக் காட்டலாம். ஊதாத, ரத்தம் எடுக்காத கேஸ் என்றால், வாடையும் தள்ளாட்டமும் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1971-லேயே சொல்லியிருக்கிறது. உங்கள் கேஸில் ஊதிய எண் இருப்பதால் அது அவ்வளவாக உதவாது.

விளவங்கோடு அக்கா:
திட்டு ஒரு வரி: ஆட்களை ஏற்றி ஓட்டுகிற மனுஷன் குடித்துவிட்டு ஹேண்டில் பிடிப்பதா! சரி, பதில். குடும்ப வக்கீல் என்று ஒருவர் எல்லார் வீட்டுக்கும் இருப்பார், பாகப்பிரிவினையும் எல்லைத் தகராறும் நன்றாகப் பார்ப்பார். அவரிடமே இதையும் கொடுக்காதீர்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மோட்டார் கேஸ் தினமும் நடத்துபவரைத் தேடுங்கள். ஆர்டிஓ விளக்கமும் அந்த ஃபீஸில் சேருமா என்று முதலிலேயே கேளுங்கள். "உறுதியா விடுதலை" என்று முதல் நாளே சொல்பவர் வீட்டில் காபிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். பணம் இல்லையென்றால் நாகர்கோவிலில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100-க்கும் பேசலாம். இலவச வக்கீலுக்கு வருமான வரம்பு உண்டு. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அந்த வரம்பு பார்ப்பதில்லை.

பம்மத்துக்காரன்:
அக்கா, திட்டை அப்படியே படித்துக் காட்டினேன். தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். இப்போதுதான் கவனித்தேன், நோட்டீஸில் சோதனை நேரம் 9:20, சீட்டில் 9:52. இது போதுமா?

கோர்ட் வராந்தா:
இது ஒன்றை வைத்து ஜெயிக்க முடியாது. சோதித்த அதிகாரியைக் குறுக்கு விசாரணையில் கேட்க முதல் கேள்வி கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த அரைமணி நேரத்தில் மிஷினை யார் யார் ஊதினார்கள், சீட்டு அத்தானுடையதுதானா என்று அனுபவம் உள்ளவர் அங்கிருந்து பிடித்துப் போவார். முதலில் சீட்டை ஜெராக்ஸ் எடுங்கள். அந்த வழுவழுப்புப் பேப்பரில் மை சீக்கிரம் மங்கும், பர்ஸில் மடித்து வைத்தால் வாய்தாவுக்குள் வெள்ளைத் தாளாகிவிடும்.

பம்மத்துக்காரன்:
எடுத்தாச்சு. வியாழக்கிழமை ஒரு சீனியரைப் பார்க்கப் போகிறோம். என்ன கொண்டுபோக?

கோர்ட் வராந்தா:
நோட்டீஸ், சீட்டின் ஒரிஜினல், ஆர்சி, இன்ஷூரன்ஸ், லைசன்ஸ் நகல், பேட்ஜ் நகல். முன்னால் ஏதாவது கேஸ் உண்டென்றால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். வக்காலத்தில் (வக்கீலை நியமிக்கும் பத்திரம்) கையெழுத்துப் போட அத்தான் கட்டாயம் வரணும், அக்காவை மட்டும் அனுப்பினால் நடக்காது.