என்400 சோதனை: தமிழ் வாக்கியத்தில் அலை தெளிவாக வரவில்லை

கேள்வி: "தோசையைச் சட்னியில் தொட்டான் / தோசையைச் செருப்பில் தொட்டான்" மாதிரி 20 ஜோடி. ஈஈஜியில் (தலைமேல் மின்முனை வச்சு மூளையோட மின் அலையைப் பதியறது) சொல் தோன்றி 400 மில்லிசெகண்ட் பக்கம் வர்ற என்400-ல், அதாவது பொருந்தாத சொல்லுக்குப் பெரிசா எழுற அலையில், வித்தியாசம் மங்கலா இருக்கு. எங்கே தப்பு?

பதில் 1: 20 போதாது. கண் சிமிட்டல் பதிவுகளைக் கழிச்சா 15கூடத் தேறாது; பொருந்துறது, பொருந்தாததுன்னு வகைக்கு 40 வையுங்க. ஒரே ஆளுக்கு ஜோடியில் ரெண்டையும் காட்டினீங்களா? வாக்கியம் திரும்ப வந்தாலே என்400 சுருங்கிடும்.

பதில் 2: என் சந்தேகம் வாக்கியத்து மேலதான். "தோசையை" என்றதும் சட்னி, சாம்பார், பொடி எல்லாம் மனசுல வரும். எதிர்பார்ப்பு சிதறினா சட்னிக்கும் அலை எழும், வித்தியாசம் குறையும். முதல்ல வேற 30 பேர்கிட்ட கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லி, பெரும்பாலோர் ஒரே சொல்லை எழுதின வாக்கியங்களை மட்டும் எடுங்க. 1980-ல் ஆய்வாளர்கள் குட்டாஸ், ஹில்யார்ட் தங்கள் சோதனை வாக்கியத்தில், எல்லாரும் வெண்ணெயை எதிர்பார்க்கிற இடத்தில் ரொட்டியில் காலுறை தடவினது சும்மா வேடிக்கைக்கு இல்லை!

கேள்வி கேட்டவர்: ரெண்டையும் காட்டினோம். திரையில் ஒவ்வொரு சொல்லாக் காட்டினோம், சொல்லுக்கு 300 மில்லிசெகண்ட்.

பதில் 1: அப்போ "தொட்டான்" எழுப்புற அலை முந்தின சொல்லோட என்400 மேலயே ஏறுது. 500 ஆக்குங்க.