பழைய வண்டி செல்ஃப் எடுப்பதில்லை. புது பேட்டரியும் இரண்டே நாளில் இறங்கிவிடுகிறது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இது நான் வாங்கிய முதல் மோட்டார் சைக்கிள். ஏறத்தாழ 20 ஆண்டுகள் பழையது. 250 சிசி, கார்புரேட்டர் வண்டி. கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும்தான். இரவு முழுவதும் சார்ஜரில் இருந்த பேட்டரியை மாட்டினால் காலையில் பட்டனைத் தொட்டதுமே எஞ்சின் எடுத்துக்கொள்கிறது. ஆனால் இரண்டு நாள் ஓட்டிய பிறகு, அதிலும் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தினால், மறுபடி எடுப்பதில்லை. பட்டனை அழுத்தும்போது சீட்டுக்கு அடியிலிருந்து 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. மீட்டர் விளக்குகள் மங்கிவிடுகின்றன. இரண்டாவது கியரில் போட்டுத் தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது.

பேட்டரிதான் காரணம் என்று எண்ணிப் புதிது மாற்றினேன், தொல்லை தீரவில்லை. வண்டியைப் பார்த்த மெக்கானிக், ஸ்டேட்டர் காயிலையும் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டரையும் (அந்த மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்தும் பாகம்) சேர்த்தே மாற்றிவிடச் சொல்கிறார். இரண்டும் விலை அதிகம் என்பதால் தயங்குகிறேன். இந்த வண்டியை விட்டுவிட எனக்கு மனமில்லை. என்னிடம் ஒரு மல்டிமீட்டர் இருக்கிறது. வோல்ட் பார்க்கத் தெரியும். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில் 1

நண்பரே, தள்ளினால் உடனே எடுக்கிறது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. பெட்ரோல் வருகிறது, பிளக்கில் பொறியும் வருகிறது என்பதால் கார்புரேட்டர் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். ஓடும்போது பேட்டரிக்குள் மின்சாரம் போய்ச் சேரவில்லையா, அல்லது பேட்டரியில் உள்ளது ஸ்டார்ட்டர் மோட்டார் வரை முழுதாக வரவில்லையா என்பதுதான் கேள்வி. இதை அளந்து பார்த்தே பிரிக்க முடியும். அளக்கும் வரை எந்த உதிரிப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு இரு முனைகளிலும் வோல்ட் பாருங்கள். நல்ல 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி 12.6 முதல் 12.8 வரை காட்டும்; 12.0 என்றால் ஏறக்குறைய காலி. அடுத்து, மீட்டரை எடுக்காமலே செல்ஃப் பட்டனை அழுத்துங்கள். அழுத்தியிருக்கும்போது 10 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ நின்றால் பேட்டரிக்கு வலு இருக்கிறது. 9-க்கும் கீழே சரிந்தால் இல்லை. பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, ஆக்சிலேட்டரை 4000 ஆர்பிஎம் வரை முறுக்கிப் பாருங்கள். அப்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். 12.5-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பேட்டரி கொதித்துத் தண்ணீர் வற்றிப் போகும்.

சார்ஜ் ஏறவில்லை என்றால், ஸ்டேட்டரிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று வயர்களைத் தேடுங்கள். பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டு அங்கிருக்கும் கப்ளரை (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்கை) கழற்றி, மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, மீண்டும் எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டேட்டர் பக்கத்து வயர்களை இரண்டிரண்டாக அளந்து பாருங்கள். எத்தனை வோல்ட் வரும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் மூன்று ஜோடிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு வர வேண்டும், ஆர்பிஎம் கூடக் கூட அதுவும் கூட வேண்டும். ஷாக் அடிக்கும் அளவு மின்சாரம் என்பதால் பின்களைக் கையால் தொடாதீர்கள். எஞ்சினை நிறுத்திய பின், அதே வயர்களுக்கும் எஞ்சின் உடலுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கன்டின்யூட்டி பாருங்கள். தொடர்பு இருந்தால் காயில் எரிந்து பாடியில் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்று: ஓடும் எஞ்சினில் பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கச் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள், வோல்ட் தாறுமாறாக எகிறி, நன்றாக இருக்கும் ரெகுலேட்டரும் சிடிஐயும் (பிளக்கில் பொறி வரவைக்கும் மின்னணுப் பெட்டி) போய்விடக்கூடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு எர்த்தையும் (பேட்டரியின் மைனஸை எஞ்சின் உடலோடு இணைக்கும் வயர்) சேர்த்துக்கொள்ளுங்கள். என் பழைய வண்டியில் காயில், ரெகுலேட்டர், பேட்டரி எல்லாம் மாற்றிய பிறகுதான் எர்த் வயரின் போல்ட்டுக்கு அடியில் துரு இருந்ததைப் பார்த்தேன். அன்று ஒரு நிமிடம் செலவிட்டு அளந்திருந்தால் அத்தனை பணமும் மிஞ்சியிருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறு முனையை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத இடத்திலும் வைத்து, செல்ஃபை அழுத்திப் பாருங்கள். 0.2 அல்லது 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எஞ்சினைச் சுற்ற வேண்டிய மின்சாரத்தின் ஒரு பங்கு அந்த வழியிலேயே வீணாகிறது. வண்டி நிற்கும்போதே பேட்டரி இறங்கினால், முந்தைய உரிமையாளர் மாட்டிய அலாரம் போன்றவற்றையும் சந்தேகியுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று விடுமுறை என்பதால் சீட்டைக் கழற்றிவிட்டுப் பொறுமையாக அளந்தேன். ஓய்வில் 12.7, செல்ஃப் அழுத்தும்போது 10.3. எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட்டுடன் 12.4, 4000 ஆர்பிஎம்மில் 12.6-ஐத் தாண்டவில்லை. மூன்று மஞ்சள் வயர்களில் ஜோடிக்கு 51, 52, 51 வோல்ட் ஏசி. எஞ்சின் உடலோடு தொடர்பு இல்லை. ஆனால் கப்ளரைக் கழற்றும்போது அது எளிதில் வரவில்லை. இழுத்துப் பிரித்ததில், மூன்று துளைகளில் ஒன்றின் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகி, பின்னோடு ஒட்டியிருந்தது. பின் கறுத்துவிட்டது, அந்த வயரின் மேலுறை ஒரு விரற்கடை நீளத்துக்கு விறைத்து, வளைத்தால் நொறுங்குகிறது. எர்த் அளவு 0.9.

பதில் 1

நண்பரே, உங்கள் காயில் நன்றாக இருக்கிறது. அதை மாற்றவே வேண்டாம். கறுத்துப்போன அந்தப் பின்தான் குறை. ஆண்டுக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து கப்ளரின் பிடி தளர்கிறது; பிடி தளர்ந்த இடத்தில் மின்தடை கூடி, சூடேறுகிறது; சூட்டில் பிடி மேலும் தளர்கிறது. கடைசியில் மூன்று வழிகளில் ஒன்று அடைபட்டு, மிச்சம் வரும் மின்சாரம் ஹெட்லைட்டுக்கும் பொறிக்குமே போதாமல், பேட்டரியிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை பேட்டரி மாற்றியிருந்தாலும் இப்படித்தான் இறங்கியிருக்கும்.

உருகிய கப்ளரைச் சுரண்டி மறுபடி மாட்டாதீர்கள். இருபுறமும் வெட்டி, செம்பு பளபளப்பாகத் தெரியும் இடம் வரை வயரைக் களைந்து, மூன்றையும் தனித்தனியே சால்டர் செய்து, சூடு தாங்கும் சுருங்கு குழாயால் மூடுங்கள். மஞ்சள் வயர்களில் எது எதனுடன் சேர வேண்டும் என்று குழம்ப வேண்டியதில்லை. மூன்றும் ஏசி என்பதால் எந்த வரிசையில் சேர்த்தாலும் சரியே. இணைத்த பின்னும் வோல்ட் ஏறவில்லை என்றால் மட்டுமே ரெகுலேட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

எர்த் வயரைக் கழற்றி, போல்ட்டும் எஞ்சினும் தொடும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு இறுக்குங்கள். வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றி, முடிக்கும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

முடித்துவிட்டேன். 4000 ஆர்பிஎம்மில், ஹெட்லைட் எரியும்போதே 14.2 வோல்ட்! எர்த் 0.1-க்கு இறங்கிவிட்டது; செல்ஃப் சுற்றும் வேகமே வேறாக இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்திய இடத்திலேயே மூன்று முறை அணைத்து எடுத்துப் பார்த்தேன். மூன்று முறையும் முதல் தொடுதலில் எடுத்துக்கொண்டது. எவ்வளவு மகிழ்ச்சி என்று எழுதத் தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: இத்தனை முறை இறங்கி ஏறிய இந்தப் பேட்டரி இனித் தாங்குமா?

பதில் 1

அடிக்கடி முழுதாக இறங்கிய லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, அது பிடித்துவைக்கும் அளவு குறைந்திருக்கக்கூடும். பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் ஹவரில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் மெதுவாக முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். 9 ஆம்பியர் ஹவர் என்றால் 0.9 ஆம்பியர். பிறகு வண்டியில் மாட்டாமல் ஒரு நாள் முழுவதும் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 12.6-க்குக் குறையாமல் இருந்தால் கவலை வேண்டாம். 12.4-க்கும் கீழே வந்திருந்தால் அது தளர்ந்துவிட்டது. இனி மாற்றும் பேட்டரியாவது வீணாகாது.