லினக்ஸ் கெர்னல் கோட்ல பழைய கமெண்ட்டை (கோடுக்கு நடுவுல எழுதி வைக்கிற விளக்கக் குறிப்பை) தூக்கப் போய் மாட்டிக்கிட்ட கதை இருந்தா சொல்லுங்க

குட்டிச்சுவர்:
நானே ஆரம்பிக்கிறேன், மூணு வருஷமா உறுத்துது. லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் ஒண்ணுல, ஃபைலை வெட்டிச் சுருக்குற ட்ரங்கேட் ஃபங்ஷன் தலைக்கு மேல "ஐ_மியூடெக்ஸைப் புடிச்சுக்கிட்டுதான் கூப்பிடணும்"னு நாலு வரி கமெண்ட். அது ஒரே ஃபைல்ல ரெண்டு பேர் ஒரே நேரத்துல கை வைக்காம காக்குற பூட்டு, அதாவது லாக். ஐ_மியூடெக்ஸ்தான் கெர்னல் 4.7லயே, 2016ல, ஐ_ஆர்டபிள்யூசெம் ஆயிடுச்சே, செத்த பேருக்கு எதுக்கு கமெண்ட்டுன்னு நாலையும் வழிச்சு எடுத்துட்டு பேட்ச் (மாத்தத்தைக் காட்டுற ஃபைல்) அனுப்பிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மெயிலைத் திறந்தா அந்த கோடுக்குப் பொறுப்பான மெயின்டெய்னர் கிட்டேர்ந்து ஒரே வரி, "பேருதான் மாறிச்சு, விதி எங்க மாறிச்சு?" அதுக்கு மேல நான் அழிச்ச நாலு வரி, முன்னாடி மைனஸ் மைனஸ் மைனஸ் மைனஸ். அந்த நாலு கோடு இன்னும் கண்ணுலயே நிக்குது.

தூக்கம்வராதவன்:
எனக்கு பிடிஃப்ளஷ், மெமரில நிக்கிற டேட்டாவை டிஸ்க்ல எழுதுற கெர்னல் த்ரெட். "மிச்சத்தை பிடிஃப்ளஷ் எழுதிடும்"னு கமெண்ட் சொல்லுச்சா, நம்பி ரெண்டு நாள் பிஎஸ் அவுட்புட்ல, அதான் ஓடுற ப்ராசஸ் லிஸ்ட்ல, அதைத் தேடுறேன். பக்கத்து சீட் அண்ணன் எட்டிப் பாத்துட்டு "யாரைடா தேடுற, அவன் 2.6.32லயே போய்ச் சேந்துட்டான், இப்ப ஃப்ளஷர் த்ரெட்டு"ன்னார். அன்னைக்கே தூக்கிட்டேன், ஒருத்தரும் ஏன்னு கேக்கல. பொய் சொல்ற கமெண்ட்டுக்கு கமெண்ட்டே இல்லாத மொட்டைக் கோடே மேல்.

பழையகணக்கு:
தூக்கம்வராதவன், ஒத்துக்கவே மாட்டேன். "இங்க பிகேஎல் இருக்கு, ரேஸ் வராது"ன்னு ஒரு கமெண்ட். பிகேஎல்னா கெர்னல் முழுசுக்கும் ஒரே பெரிய பூட்டு, ரேஸ்னா ரெண்டு த்ரெட் ஒரே டேட்டாவுக்கு முட்டிக்கிறது. பிகேஎல் 2.6.39ல, 2011லயே, முழுசா போச்சு, நானும் உங்களை மாதிரியே கூலா அழிச்சேன். ரேஸ் நிஜமாவே இருந்துச்சு சார். அந்த இடத்துல பிரச்சினைன்னு சொன்ன ஒரே சாட்சியை நான்தான் கொன்னேன். அதனால அழிக்கிறதுக்கு முன்னாடி, கோடோட வரலாறு வச்சிருக்குற கிட்ல ப்ளேமோட நிக்காதீங்க, அது கடைசியா ஸ்பேஸ் சரி பண்ணவனைத்தான் காட்டும், கிட் லாக்ல மைனஸ் எஸ் போட்டு அந்த வாக்கியம் எப்ப உள்ள வந்துச்சுன்னு பாருங்க. அதே வாக்கியம் வேற எங்க இருக்குன்னு க்ரெப்பும் அடிங்க, ஈஎக்ஸ்டி2 ஃபைல்சிஸ்டத்தை காப்பி அடிச்சு 3, 3ஐ காப்பி அடிச்சு 4னு வந்த குடும்பம், பாட்டியோட கமெண்ட் பேத்தி வீட்லயும் உக்காந்திருக்கும். விதி உயிரோட இருந்தா லாக்டெப் (கெர்னலோட பூட்டு செக்கர்) அசர்ட்டா எழுதுங்க, லாக் புடிக்காம வந்தா அதுவே கத்தும், கமெண்ட் கத்தாது. கமெண்ட் பேட்ச்சுல கோடு மாத்தத்தைக் கலக்காதீங்க. ஸ்டேபிளுக்கு (வெளியான கெர்னலுக்கு பிழைத்திருத்தம் மட்டும் போற லிஸ்ட்டுக்கு) சிசி போடவே போடாதீங்க, வாங்கிக் கட்டிக்குவீங்க.

புதுசு_நான்:
அண்ணன் பெருசா எழுதிட்டார், என்னுது சின்னது. 5.16ல பேஜுங்கிற மெமரி துண்டுகளைச் சேத்துப் பிடிக்கிற ஃபோலியோ வந்துச்சுல்ல, கமெண்ட்ல இருந்த பேஜ் எல்லாத்தையும் தேடி மாத்துற ஒரே sed கமாண்ட்ல ஃபோலியோ ஆக்கினேன். ஃபைல் உச்சில ப்ராஜெக்ட் ஹோம்பேஜ்னு இருந்தது ஹோம்ஃபோலியோ ஆயிடுச்சு. ரிவ்யூல மூணு பேர் அந்த வரிக்கு மட்டும் சிரிப்பு ஸ்மைலி போட்டிருந்தாங்க, மத்த நாப்பது வரியை யாரும் பாக்கவே இல்ல.

குட்டிச்சுவர்:
பழையகணக்கு அண்ணே, நான் கதைதான் கேட்டேன், க்ளாஸ் கேக்கல. ஆனா லாக்டெப் விஷயம் அன்னைக்கே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். வி2ல, அதான் ரெண்டாவது தடவை, பேரை மட்டும் மாத்தி அனுப்பினேன், மெயின்டெய்னர் பதிலே போடாம எடுத்துக்கிட்டார்.