முதியோருக்கான இணையப் பாதுகாப்பு வகுப்புக்கு உதவி தேவை

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குடியிருப்பிலுள்ள மூத்தவர்களுக்காக அடுத்த மாதம் இணையப் பாதுகாப்பு பற்றிச் சிறு வகுப்பு ஒன்றை நடத்த எண்ணியுள்ளேன். காரணம் என் தந்தைதான். காவல்துறைச் சீருடையில் வீடியோ அழைப்பில் தோன்றிய ஒருவர், தந்தையின் ஆதார் எண்ணில் அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் சிக்கியதாகவும், அவர் 'டிஜிட்டல் கைது' செய்யப்பட்டிருப்பதால் அழைப்பைத் துண்டிக்கவோ வீட்டாரிடம் பேசவோ கூடாது என்றும் மிரட்டி, இரண்டு மணி நேரம் அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். அம்மா காபியுடன் கதவைத் தட்டியதால் பணம் தப்பியது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்றுமே கிடையாது என்பதையும், பணம் பறிபோனால் அதை வங்கியில் முடக்கிவைக்க வாய்ப்பிருக்கும்போதே, தாமதமின்றி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும், யுபிஐ வழியாகப் பணம் பெற 'பின்' (PIN) என்னும் ரகசிய எண் தேவையில்லை என்பதையும் என்னால் விளக்கிவிட முடியும். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதிய என் தந்தைக்கே பயத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

இத்தகைய வகுப்பை நடத்திய அனுபவம் உள்ளவர்கள், அழைப்பைத் துண்டிக்கும் துணிவை மூத்தவர்களுக்கு எப்படிப் பழக்கினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டு ஒத்திகை அழைப்பு செய்து பார்க்கலாமா, அல்லது அது அவர்கள் மனத்தைப் புண்படுத்துமா? வாட்ஸ்அப்பின் இரு படிச் சரிபார்ப்பு எண்ணை அடிக்கடி மறந்துவிடுபவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? பெரிய எழுத்தில் அச்சிடத்தக்க தமிழ்த் துண்டறிக்கை எவரிடமேனும் இருந்தால், இங்கேயே பகிர்ந்து உதவுங்கள்.