சிறுநீரக மாற்று: கையில் உள்ள மூன்று காப்பீடுகளில் எதை முதலில் எடுப்பது?

வலங்கைமான் வாசகி:
என் கணவருக்கு ஒன்றரை ஆண்டாகக் கும்பகோணத்தில் டயாலிசிஸ் நடக்கிறது. அவருடைய அக்காள் சிறுநீரகம் தருகிறார். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பரிசோதனைகள் முடிந்துவிட்டன. கணவரின் நிறுவனக் குழுக் காப்பீடு 3 லட்சம் ரூபாய், நாங்களே நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த குடும்பப் பாலிசி 5 லட்சம் ரூபாய், மாமனார் பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஒன்று. குறுவை அறுத்த பணம் டயாலிசிஸுக்கே போய்விட்டது. நிலத்தை அடகு வைக்காமல் சமாளிக்க எதை முதலில் பயன்படுத்த வேண்டும்? சிறுநீரகம் தரும் நாத்தனாரின் செலவு எதில் சேரும்?

பாபநாசத்துக்காரர்:
சகோதரி, எனக்கும் மாற்று அறுவை நடந்தது. எந்தப் பாலிசியில் முதலில் கோருவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. குழுக் காப்பீட்டில் பழைய நோய்க்கான செலவைத் தராத காத்திருப்புக் காலம் பெரும்பாலும் இருக்காது என்பதாலும், வேலை போனால் அதுவும் போய்விடும் என்பதாலும், அதை முதலில் தீர்த்துவிட்டு மீதியைக் குடும்பப் பாலிசியில் கோருங்கள். முதல் காப்பீட்டு நிறுவனம் அசல் பில்களை வைத்துக்கொள்ளும். எவ்வளவு கொடுத்தார்கள் என்ற தீர்வுக் கடிதத்தையும் சான்றளித்த நகல்களையும் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். நான் அதை மறந்து இரண்டு மாதம் அலைந்தேன்.

நாத்தனாரின் அறுவைச் செலவு உங்கள் கணவரின் பாலிசியில்தான் வரும். ஆனால் அதற்கு முந்தைய பரிசோதனைகளையும் பிந்தைய சிகிச்சையையும் பல பாலிசிகள் விலக்கிவிடுகின்றன. நாத்தனார் நடவுக்கும் களையெடுப்புக்கும் போக முடியாத நாள்களின் கூலியை எந்தக் காப்பீடும் தராது. அதை நீங்கள் ஈடுசெய்யலாம்: 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புக்கு விலை கொடுப்பதைத்தான் தடுக்கிறது, கொடையாளரின் நியாயமான செலவையும் வருமான இழப்பையும் அது விலையாகக் கருதுவதில்லை. கணக்கை மட்டும் எழுதி வையுங்கள்.

மன்னார்குடி மருந்தாளுநர்:
முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். கணவருக்கு மாதச் சம்பளம் இருப்பதால், மாமனார் அட்டையில் அவர் பெயர் இருந்தாலும் முன் அனுமதியின்போது கேள்வி எழக்கூடும். அதை நம்பித் தேதி குறிக்க வேண்டாம்.

உண்மையில் பயப்பட வேண்டியது அறுவைக்கு அல்ல, அதற்குப் பிந்தைய மாத்திரைகளுக்கு. டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட் போன்ற நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளை ஆயுள் முழுவதும் நிறுத்தாமல் சாப்பிட வேண்டும்; தனியார் பாலிசிகளோ வீடு திரும்பிய பின் 60 அல்லது 90 நாள் செலவோடு பெரும்பாலும் கையை விரித்துவிடும். காசு இல்லையென்று சில நாள் மாத்திரையை நிறுத்தினாலே உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்கலாம். ஆகவே அரசு மருத்துவமனையில் இந்த மருந்துகள் கிடைக்குமா, அங்கே தொடர் சிகிச்சையைப் பதிவு செய்ய முடியுமா என்பதை அறுவைக்கு முன்பே விசாரியுங்கள்.

நன்னிலம் கணக்கர்:
கணவர் நீண்ட விடுப்பில் இருக்கும்போது குழுக் காப்பீடு தொடருமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வருமான வரியில் பழைய வரிமுறையில் இருந்தால், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பின் சிகிச்சைச் செலவுக்கு 40,000 ரூபாய் வரை கழிவு உண்டு. காப்பீட்டில் வந்த தொகை அதிலிருந்து குறைக்கப்படும்.

வலங்கைமான் வாசகி:
மூவருக்கும் நன்றி. குழுப் பாலிசியின் விதிகளைக் கேட்டு நிறுவனத்துக்கு இன்றே கடிதம் அனுப்பிவிட்டேன். நாளை மருந்து குறித்து விசாரிக்கத் தஞ்சாவூர் போகிறேன்.