ஹெரால்டு எஞ்சின்: கிளட்ச்சை மிதித்தால் ஐடிலிங் இறங்குகிறது, உரசல் சத்தம் வருகிறது. உதவி தேவை

பெருங்களத்தூர் 948:

வணக்கம். வண்டி 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. எங்கள் ஊர்த் தொழிற்சாலையில் பிறந்த வண்டி என்பதால் அப்பா கடைசி வரை விற்கவில்லை. பதினோரு ஆண்டுகள் ஷெட்டில் கிடந்ததைப் போன ஆண்டுதான் பிரித்தேன்.

63 மி.மீ. சிலிண்டர் துளை (போர்) தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. 20 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போரிங், ஹோனிங் செய்தோம். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாப்ட் 10 தௌ கிரைண்டிங். கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங், பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் எல்லாம் புதிது. கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங்கும் புதிது. கடைசல் வேலை அம்பத்தூரில் ஒரு பட்டறையில் நடந்தது. எஞ்சினைக் கோத்தது நானும் தெரிந்த மெக்கானிக் ஒருவரும்.

400 கிலோமீட்டர் தையல் மெஷின் மாதிரி ஓடியது. போன வாரம் குரோம்பேட்டை சிக்னலில் கிளட்ச்சை மிதித்தபடி நிற்கும்போது ஐடிலிங் இறங்கி, வண்டி அணையப் பார்த்தது. கூடவே அடியிலிருந்து கல்லில் கத்தி தீட்டுவது போல ஓர் உரசல். காலை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஆயில் விளக்கு எரியவில்லை, சூடும் ஏறவில்லை. பட்டறையில் கேட்டால் ‘பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்’ என்கிறார்கள். எண்ணி எண்ணிக் கொடுத்த பணத்துக்கு இதுதான் பதிலா?

அண்ணாநகர் பத்மினி:

மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தான். என் பிரீமியர் பத்மினி காரிலும் கிளட்ச்சை மிதித்தால் மட்டும்தான் சத்தம் வரும். புதிது என்று நம்பாதீர்கள். பெட்டிதான் புதிது, உள்ளே இருப்பது எந்தக் காலத்துச் சரக்கோ. கியர்பாக்ஸை இறக்கிப் பாருங்கள்.

இரட்டை கார்புரேட்டர்:

கார்புரேட்டரில் ஐடிலிங் திருகைக் கால் சுற்று ஏற்றி வைத்தால் அணையாது.

ஓய்வுபெற்ற டர்னர்:

ஐடிலிங்கை ஏற்றினால் அணையாதுதான். காய்ச்சல்காரனுக்கு ஸ்வெட்டர் போட்ட கதை.

தம்பி, ரிலீஸ் பேரிங் கெட்டால் கத்தும். அது எஞ்சினைப் பிடித்து நிறுத்தாது. உங்கள் எஞ்சின் அணையப் பார்க்கிறது என்றால் கிராங்க் எங்கேயோ உரசிச் சுற்றுகிறது. கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள், காசு செலவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, பானெட்டை முழுதாகச் சாய்த்து, முன் சக்கரத்தின் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் யாரையாவது கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கிராங்க்கின் முன் முனையில் பெல்ட் ஓடும் புல்லியை மட்டும் பாருங்கள். ரேடியேட்டர் பக்கம் நகர்கிறதா?

பெருங்களத்தூர் 948:

ஐயா, நகர்கிறது! கண்ணுக்கே தெரிகிறது. மிதித்தால் முன்னால் வருகிறது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் ‘டக்’ என்று பின்னால் போகிறது. நண்பரிடம் நுண்ணிய நகர்வை அளக்கும் டயல் கேஜ் இரவல் வாங்கி, காந்தத் தாங்கியை பிளாக்கில் ஒட்ட வைத்து, முள்ளைப் புல்லி முகத்தில் ஊன்றி மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் 52 தௌ.

ஓய்வுபெற்ற டர்னர்:

இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு முறைகூட வேண்டாம்.

கிராங்க்கின் முன்பின் நகர்வு இந்த எஞ்சினில் 4 முதல் 8 தௌவுக்குள் இருக்க வேண்டும். உங்களுடையது ஒரு மில்லிமீட்டரையும் தாண்டிவிட்டது. மெயின் பேரிங் மூன்றில் பின்னால் இருப்பதன் இரு பக்கமும் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும், பிறை வடிவில் இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள் பிளாக்கின் குழியில் உட்கார்ந்திருக்கும். கீழே மூடியில் பாதி கிடையாது, மேலே மட்டும்தான். கிளட்ச்சை மிதிக்கும்போது ஸ்பிரிங்கின் பலம் முழுவதையும் பின்பக்கத்து வாஷர் ஒன்றே தாங்குகிறது. அது இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் குழியை விட்டு நழுவி, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்பில் விழும். அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கைத் தின்னத் தொடங்கும். அப்படிப் போன ஹெரால்டு பிளாக்குகளைப் பார்த்திருக்கிறேன், எடைக்குத்தான் போடலாம்.

எஞ்சினை இறக்க வேண்டாம். ஆயிலை வடித்து, சம்பையும் பின் மெயின் மூடியையும் கழற்றினால் வாஷரைச் சுற்றி வெளியே தள்ளிவிடலாம். வடித்த ஆயிலைக் கொட்டிவிடாதீர்கள்.

அண்ணாநகர் பத்மினி:

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் புல்லியையும் போய்ப் பார்த்துவிட்டேன். நகரவில்லை, நிம்மதி.

பெருங்களத்தூர் 948:

ஞாயிற்றுக்கிழமை சம்பைக் கழற்றினேன். முன்பக்கத்து வாஷர் ஓரளவு நன்றாக இருக்கிறது. பின்பக்கத்தது பாதிதான் மிச்சம். ஓரம் சவரக் கத்தி போல விரலைக் கிழித்துவிட்டது. ஆயிலில் வெள்ளி ஜரிகை போல மினுமினுப்பு. கிராங்க்கின் முகத்தில் வட்ட வட்டமாகக் கோடுகள். பட்டறைக்காரர்களிடம் சண்டைக்குப் போகலாமா என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற டர்னர்:

சண்டை இருக்கட்டும். இரண்டு சோதனை. ஒன்று, ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் காந்தத்தை வையுங்கள். ஒட்டும் தூள் எஃகு. ஒட்டாமல் மினுங்குவது பேரிங் உலோகம். இரண்டு, கிராங்க் முகத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால் கிராங்க்கைக் கழற்றி கிரைண்டிங். வழுக்கினால் ஆயில் தொட்ட நைஸ் எமரியால் மெருகேற்றினால் போதும்.

இன்னொன்று. வாஷரின் ஒரு பக்கம் வெறும் எஃகு. மறுபக்கம் பேரிங் உலோகமும் ஆயில் ஓட இரண்டு காடியும் (பள்ளக் கோடு) இருக்கும். காடி கிராங்க்கைப் பார்க்க வேண்டும். யார் மாட்டியது, எப்படி மாட்டியது என்று நினைவிருக்கிறதா?

பெருங்களத்தூர் 948:

ஐயா, இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

கோக்கும்போது நாளைக்கு உதவும் என்று ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். நேற்று இரவு தேடினேன். பின் வாஷரை மாட்டும் படம் இருக்கிறது. காடி பிளாக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வெறும் எஃகு கிராங்க்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. படத்தில் உள்ள கட்டைவிரல் என்னுடையது. மெக்கானிக் அப்போது டீ குடிக்கப் போயிருந்தார். டயல் கேஜ் வைத்து அளக்கவும் இல்லை. கையால் ஆட்டிப் பார்த்து ‘ஜம்மென்று இருக்கிறது’ என்று நானேதான் சொன்னேன். பட்டறைக்காரர்களைத் திட்டியதற்கு வெட்கமாக இருக்கிறது.

காந்தத்தில் கொஞ்சம் ஒட்டியது, ஒட்டாததும் இருந்தது. நகம் மாட்டவில்லை.

ஓய்வுபெற்ற டர்னர்:

ஒட்டாத தூளும் இருப்பதால் பிக் எண்ட் மூடிகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஆயில் பம்பைக் கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றுங்கள். கிராங்க் முகமும் தேய்ந்திருக்கும். அதனால் முதலில் ஸ்டாண்டர்டு வாஷரைப் போட்டு அளந்து, எண்ணைச் சொல்லுங்கள்.

எழும்பூர் ஸ்பேர்ஸ்:

புதுப்பேட்டையில் வாஷர் தேடினால் பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தந்துவிடுவார்கள். மைக்ரோமீட்டரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். ஓவர்சைஸ் (தடித்த வாஷர்) வேண்டுமென்றால் இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதே நல்லது. நம் ஹெரால்டுக்கு மூலமான டிரையம்ப் ஹெரால்டு வண்டிக்காரர்கள் அங்கே ஏராளம் என்பதால் இந்தச் சாமான் இன்னும் விற்கிறது. கிராங்க் ஜர்னல் (பேரிங்கில் சுற்றும் பகுதி) அளவைச் சொல்லிக் கேளுங்கள். பிந்தைய எஞ்சின்களுக்கு வேறு அளவும் உண்டு.

பெருங்களத்தூர் 948:

தாமதத்துக்கு மன்னிக்கவும், பார்சல் வர மூன்று வாரம் ஆனது. பிக் எண்ட் நான்கும் நன்றாகவே இருக்கின்றன. ஸ்டாண்டர்டு வாஷரில் நகர்வு 14 தௌ. இரு பக்கமும் 5 தௌ ஓவர்சைஸ் போட்டால் 4 வருகிறது. விளிம்பில் நிற்கிறதே, விடலாமா?

ஓய்வுபெற்ற டர்னர்:

சூட்டில் கொஞ்சம் இடம் வேண்டும். தடித்த கண்ணாடிமேல் 400 நம்பர் எமரித் தாளை விரித்து, மண்ணெண்ணெய் விட்டு, முன் வாஷரின் எஃகு முதுகை மட்டும் எட்டு வடிவில் தேயுங்கள். அவ்வப்போது மைக்ரோமீட்டரில் பார்த்து, 2 தௌ இறங்கியதும் நிறுத்துங்கள். காடிப் பக்கத்தில் எமரி படவே கூடாது.

இனிமேல் சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை எடுத்துவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போதும் கிளட்ச்சை மிதிக்காதீர்கள். அப்போது வாஷரில் ஆயிலே இருக்காது.

பெருங்களத்தூர் 948:

தேய்த்துப் போட்டேன். 6 தௌ. ஆயிலை ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். மகள் கிளட்ச்சை மிதித்தாள், நான் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை, ஐடிலிங்கும் இறங்கவில்லை. நேற்று செங்கல்பட்டு வரை போய் வந்தோம். 200 கிலோமீட்டர் ஆனதும் மறுபடி டயல் கேஜ் வைத்து எண்ணை இங்கே போடுகிறேன்.

ஓய்வுபெற்ற டர்னர்:

நல்லது. காடி இந்த முறை எந்தப் பக்கம்? படம் இருக்கிறதா?

பெருங்களத்தூர் 948:

இரண்டு படம் எடுத்திருக்கிறேன் ஐயா. மெக்கானிக்கை டீ குடிக்கவும் விடவில்லை.