குடல் அழற்சிக்குப் பழங்கஞ்சி போதுமோ, மரபணு ஆராய்ச்சி வேணுமோ?

சுன்னாகத்தான்:
எங்கட குடும்ப வட்ஸ்அப் குழுவில ஒரு குரல்பதிவு ஓடித்திரியுது. குரோன், அல்சரேட்டிவ் கொலைடிஸ் எண்ட குடல் அழற்சி வருத்தங்கள் எல்லாம் குடலில நல்ல கிருமி குறைஞ்சு வாற வருத்தமாம், குளிசையை நிப்பாட்டிப்போட்டு விடிய பழங்கஞ்சி குடிக்கட்டாம். குளிசையை நிப்பாட்டுறதுக்கு நான் உடன்பாடில்லை. ஆனா அடிப்படைக் கதை சரிதானே? மரபணு ஆராய்ச்சிக்கு எவ்வளவு காசு கொட்டுறாங்கள். அப்பு ஆச்சியின்ர மரபணுதான் எங்களிட்டயும் கிடக்கு. அவைக்கு வராதது எங்களுக்கு ஏன் வருது?

மருந்துக்கடைப்பிள்ளை:
அவைக்கு வரேல்லை எண்டு ஆர் அண்ணை கண்டது? அந்தக் காலத்தில குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கிற கொலனோஸ்கோப்பி எங்க கிடந்தது? வயித்தோட்டம், ஆள் மெலிஞ்சு போனார், அவ்வளவுதான் கதை. கிருமிக்குப் பங்கிருக்கு, மறுக்கேல்லை. பீக்கலிபாக்டீரியம் எண்ட நல்ல பக்டீரியா கன குரோன் நோயாளியளின்ர குடலில குறைவுதான். ஆனா அது குறைஞ்சதால வருத்தம் வந்ததோ, வருத்தம் வந்ததால அது குறைஞ்சதோ? ஒட்சிசன் பட்டாலே சாகிற சாதி அது. அழற்சி வந்த குடலில தங்குமோ?

ஒன்ராரியோ மாமா:
தங்கச்சி, 2015இல இஞ்ச ஒன்ராரியோவில ஒரு பெரிய ஆய்வு வந்தது. தெற்காசியாவில பிறந்து வந்து குடியேறின எங்களுக்கு இந்த வருத்தம் குறைவு. இஞ்ச பிறந்த எங்கட பிள்ளையளுக்கு மற்றக் கனேடியப் பிள்ளையளின்ர அளவுக்குக் கிட்ட. ஒரு தலைமுறையில மரபணு மாறுமோ? சுன்னாகத்தான் சொல்லுறதுதான் சரி.

மருந்துக்கடைப்பிள்ளை:
மாமா, சூழல் காரணம் எண்டு அது காட்டுது. கஞ்சி மருந்து எண்டு காட்டேல்லை. சின்னனில குடுத்த அன்ரிபயோட்டிக்கோ, பெட்டிச் சாப்பாடோ, வேற ஏதுமோ? ஒரே அச்சான இரட்டைப்பிள்ளையளில ஒண்டுக்குக் குரோன் வந்து மற்றதுக்கு வராமல் விடுறதும் கனக்க. அப்ப மரபணு மட்டும் காரணமில்லை, சரி. அதுக்காக மரபணு ஆராய்ச்சி வீணோ?

அசதயோப்ரின் தெரியும்தானே, இந்த வருத்தத்துக்கு இஞ்ச ஊரில குடுக்கிற மலிவான குளிசை. முந்தி வேலை செய்த கடைக்கு ஒரு பிள்ளை வந்தது. தொடங்கி ஒரு மாதமும் ஆகேல்லை, சீப்பு வைச்சா முடி கொத்தாக் கையில வருது, தொண்டை நோ, காய்ச்சல். இரத்தம் சோதிச்சா வெள்ளை அணு விழுந்து கிடக்கு. அண்டைக்கே டொக்டர் குளிசையை நிப்பாட்டினார். என்யூடிடி15 எண்ட மரபணுவில ஒரு மாற்றம் இருந்தா இப்பிடி நடக்கும். 2014இல கொரியாவில கண்டுபிடிச்சவை. ஐரோப்பியரில அரிது, ஆசியாக்காரரில, எங்கட ஆக்களிலயும், அவ்வளவு அரிதில்லை. வெள்ளைக்காரரின்ர மருந்தளவை அப்பிடியே எங்களுக்குப் போட்டா என்ன ஆகும்?

சுன்னாகத்தான்:
அது மருந்தின்ர நஞ்சைப் பற்றின மரபணு. வருத்தத்தின்ர மரபணு? 2001இல நொட்2 எண்ட மரபணுவில சில மாற்றங்கள் குரோனோட தொடர்பு எண்டு கொண்டாடினவை. அதுக்கு இண்டைவரைக்கும் ஒரு குளிசை வந்ததோ? ஐரோப்பியரில கண்ட அந்த மாற்றங்கள் எங்கட பக்கத்து ஆக்களில அரிதாம் வேற.

மருந்துக்கடைப்பிள்ளை:
நொட்2 விசயத்தில உங்கட பக்கம்தான். ஆனா 2005இல யப்பான்காரர் குரோனோட தொடர்புபடுத்தின டிஎன்எஃப்எஸ்எஃப்15 எண்ட மரபணுவைப் பாருங்கோ. அது செய்யிற புரதம் டிஎல்1ஏ. அதைத் தடுக்கிற துலிசோகிபார்ட் எண்ட ஊசியை அல்சரேட்டிவ் கொலைடிஸ்காரருக்குப் போட்டுப் பாத்து 2024இல முடிவு வந்தது. 12 கிழமையில 26 சதவீதமானவைக்கு வருத்தம் அடங்கினது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவையில 1 சதவீதம்.

ஒன்ராரியோ மாமா:
உந்த ஊசி யாழ்ப்பாணத்துக் கடைக்கு வரேக்க நான் பூட்டப்பிள்ளை கண்டிருப்பன். மிச்சம் 74 பேர் என்ன செய்யிறது?

மருந்துக்கடைப்பிள்ளை:
அதைத்தான் தேடிக்கொண்டிருக்கினம் மாமா. ஒரு மருந்து எல்லாருக்கும் கேக்காது. இஞ்ச இன்னொரு சிக்கலும் கிடக்கு: சிறுகுடலின்ர கடைசிப் பகுதியில புண் எண்டா அது குரோனாயும் இருக்கலாம், குடல் காசநோயாயும் இருக்கலாம். காசநோய் ஒளிஞ்சு கிடக்கிற ஆளுக்குக் குரோனுக்குப் போடுற இன்ஃபிளிக்சிமாப் ஊசியைப் போட்டா காசநோய் கிளம்பக்கூடும். கஞ்சி குடிச்சுக்கொண்டு வீட்டில இருந்தா எது எண்டு எப்பிடித் தெரியும்?

சுன்னாகத்தான்:
கிருமியைப் பற்றி இன்னும் கதைக்கக் கிடக்கு, நான் விடமாட்டன். ஆனா மச்சாளுக்குப் போனகிழமைதான் உந்த அசதயோப்ரின் தொடங்கினது. இரத்தம் எத்தினை நாளுக்கு ஒருக்காப் பாக்கவேணும்?

மருந்துக்கடைப்பிள்ளை:
முதல் மாதம் கிழமைக்கு ஒருக்கா கேட்டுப் பாருங்கோ அண்ணை. இரத்த அணுக்களை எண்ணுற எஃப்பிசி சோதனைதான், எந்த ஆய்வுகூடத்திலயும் செய்வினம். காய்ச்சலோ முடி கொட்டுறதோ கண்டா அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், அண்டைக்கே டொக்டரிட்டக் காட்டச் சொல்லுங்கோ.